குழாய்க்குள் இருப்பது யார்? கடற்குழாய்ப் புழுக்களின் உடலமைப்பும் வகைப்பாடும்

1758-இல் வெளிவந்த ‘சிஸ்டமா நாச்சுரே’ பத்தாம் பதிப்பில் லின்னேயஸ், முதுகெலும்பு இல்லாமலும் பூச்சியினத்தில் சேராமலும் நின்ற உயிர்களையெல்லாம் ‘வெர்மஸ்’ என்ற ஒரே வகுப்பில் அடக்கினார். அதன் உட்பிரிவுகளைப் பார்த்தால் இன்றைய விலங்கியல் மாணவருக்குத் திகைப்புதான் வரும். மண்புழுவும் அட்டையும் ஒரு வரிசையில் இருக்கின்றன. கடற்கரைச் சேற்றில் ஊரும் நீரிஸ் புழு, கணவாயும் நட்சத்திர மீனும் உள்ள இன்னொரு வரிசையில் இருக்கிறது. கல்லிலும் சிப்பியிலும் வெள்ளைச் சுண்ணக் குழாய் கட்டி வாழும் செர்ப்யூலாவோ சங்கு, சிப்பிகளோடு மூன்றாவது வரிசையில். மண்புழு, அட்டை, நீரிஸ், செர்ப்யூலா நான்குமே வளைதசைப் புழுக்கள். ஆனால் லின்னேயஸ் பார்த்தது மேல்மூடியை. ஓடு உண்டா, இல்லையா என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அவருடைய செர்ப்யூலா பேரினத்துக்குள் உண்மையான நத்தைகள் சிலவும் புகுந்திருந்தன. வெர்மெடிட் என்று இன்று அழைக்கப்படும் அந்த நத்தைகளின் ஓடு, வளர வளரச் சுருள் அவிழ்ந்து குழாயாக நீண்டுவிடும். கரையில் ஒதுங்கிய வெறுங்குழாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கட்டியது நத்தையா புழுவா என்று சொல்வது இன்றும் எளிதல்ல. நத்தைக் குழாயின் உட்புறம் வழவழப்பாக மின்னும், புழுக் குழாயின் உட்புறம் பெரும்பாலும் மங்கலாக இருக்கும் என்பது ஒரு துப்பு. ஆனால் உயிரோடு கிடைத்தால் ஐயத்துக்கே இடமில்லை. நத்தை தன் ஓட்டோடு தசையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. புழுவுக்கும் அதன் குழாய்க்கும் இடையே எந்தத் தசையும் இல்லை. குழாயைக் கவனமாக உடைத்தால் புழுவை முழுதாக வெளியே எடுத்துவிடலாம்.

வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் இந்தச் சொற்பொழிவின் மையப்பொருள். குழாய்ப்புழுக்களின் வகைப்பாட்டில் நேர்ந்த பெரிய தவறுகள் பலவும் குழாயைப் பார்த்து முடிவு கட்டியதால், அல்லது அதற்குள் இருந்த உடலை முழுமையாகப் பார்க்காததால் நேர்ந்தவை. திருத்தங்கள் உடலிலிருந்து வந்தன, பிற்காலத்தில் மரபணுவிலிருந்தும் வந்தன.

ஒரு முனை மட்டுமே திறந்த குழாய்க்குள் ஆயுள் முழுக்க வாழ்வதென்றால் உடல் என்னென்ன செய்தாக வேண்டும்? சாப்பாடு திறந்த முனைக்கு வர வேண்டும். கழிவும் அந்த முனை வழியாகவே போக வேண்டும். மூச்சு விட வேண்டும். அலை இழுத்தாலும் மீன் கவ்வினாலும் குழாயை விட்டு வந்துவிடக் கூடாது. ஆபத்து என்றால் ஒரு நொடியில் உள்ளே போய்விட வேண்டும். ஐரோப்பியக் கடலோரச் சேற்றில் வாழும் சபெல்லா பவோனினா இந்த ஐந்துக்கும் என்ன வழி கண்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே போதும், குழாய்ப்புழுவின் உடற்கூறு பெருமளவு புரிந்துவிடும்.

தலையில் விசிறியாக விரிந்து நிற்கும் இறகுக் கொத்து அதன் வாய்க்கரங்களும் செவுள்களும் சேர்ந்த ஒரே உறுப்பு. ஒவ்வோர் இறகின் இரு பக்கமும் நுண்கிளைகள், அவற்றின் மேல் இடையறாது அசையும் குற்றிழைகள். அவை நீரை வெளியிலிருந்து கொத்தின் உள்ளே இழுக்கின்றன. நீரில் வரும் துகள்கள் இறகின் நடுவே ஓடும் வாய்க்காலில் விழுந்து அடிக்கு நகர்கின்றன. அடியில் நடப்பதை எடித் நிக்கோல் 1930-இல் எடின்பரோ அரச கழக வெளியீட்டில் நுணுக்கமாக விவரித்தார். இறகின் அடியில் உள்ள மடிப்புகள் துகள்களை அளவு பார்த்து மூன்றாகப் பிரிக்கின்றன. மிகச் சிறியவை வாய்க்குப் போகின்றன. பெரியவை ஒதுக்கப்பட்டு வெளியே தள்ளப்படுகின்றன. நடுத்தர மணல் துகள்கள் தலையின் கீழ்ப்புறம் உள்ள இரண்டு பைகளில் சேமிக்கப்படுகின்றன. உணவு அல்லாத அந்தத் துகள்கள் கட்டடப் பொருள்! பை அவற்றைச் சளியோடு பிசைந்து இழையாக வெளியே விடுகிறது. புழு மெல்லச் சுழன்றபடி, கழுத்துப்பட்டையின் மடிப்பால் அந்த இழையைக் குழாயின் விளிம்பில் சுற்றிச் சுற்றி ஒட்டுகிறது, முறுக்கு பிழிபவர் கை சுழல்வதைப் போல. உண்ணும் உறுப்பே கொத்தனாரின் சல்லடையாகவும் இருக்கிறது என்பதை முதன்முறை படிக்கும் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

கழிவுக்கான வழியும் அதே அளவு நேர்த்தியானது. மலத்துளை குழாயின் அடியில், மூடிய பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து குற்றிழைகள் நிறைந்த ஒரு பள்ளம் வயிற்றுப்பகுதியின் அடிப்புறம் வழியே மேலேறி, மார்புப்பகுதி தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் வளைந்து முதுகுக்குத் தாவி, கழுத்துவரை போகிறது. கழிவு அந்தப் பள்ளத்தில் பயணித்து வாசலுக்கு வந்து நீரில் கலந்துவிடுகிறது.

பள்ளம் தாவும் அதே எல்லையில் இன்னொன்றும் நிகழ்கிறது. மார்புக் கண்டங்களில் முதுகுப்புறம் மெல்லிய நுண்முட்களும் வயிற்றுப்புறம் கொக்கிகளும் இருக்கும். வயிற்றுக் கண்டங்களில் இந்த அடுக்கு தலைகீழாகிவிடும். கொக்கிகள் முதுகுப்புறத்துக்கு வந்துவிடும். வரிசை வரிசையான இந்தக் கொக்கிகளே குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. வகைப்பாட்டாளர் இந்த இடமாற்றத்தை மிகவும் மதிக்கிறார். சேற்றுக் குழாய் கட்டும் சபெல்லிட் குடும்பத்திலும் சுண்ணக் குழாய் கட்டும் செர்ப்யூலிட் குடும்பத்திலும் இது ஒரேபோல் இருப்பதால், கட்டடப் பொருள் வேறானாலும் இரண்டும் நெருங்கிய உறவு என்று சொல்ல முடிகிறது.

உள்ளே ஒடுங்கும் வேகத்துக்குக் காரணம், உடல் நெடுக ஓடும் பெருநரம்பிழைகள். சபெல்லிட் குடும்பத்தைச் சேர்ந்த மிக்சிகோலாவில் அந்த இழை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை போகும். நரம்பியல் ஆய்வாளர்கள் கணவாயின் பெருநரம்பிழைக்கு அடுத்து இதையும் நாடினார்கள். நிழல் விழுந்தவுடன் புழு மறைந்துவிடுவதற்கு இறகுகளிலேயே கண்கள் உண்டு. அக்ரோமெகலோமா என்ற பேரினத்தில் இறகு நுனியில் பூச்சிகளுக்கு இருப்பதுபோன்ற கூட்டுக்கண்ணே இருக்கிறது. தலையில் உள்ள மூளைக் கண்கள் தனி. இறகுக் கண்கள் அவற்றோடு உறவில்லாமல் பின்னர் தோன்றிய புதுக் கண்கள்.

ரத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். விலங்கியலாளர் கூவியே வளைதசைப் புழுக்களைச் ‘செந்நிற ரத்தப் புழுக்கள்’ என்று கூட்டாகப் பெயரிட்டார். 1802-இல் லமார்க் ‘அன்னலிட்’ என்ற பெயரைக் கொடுத்தார். ஆனால் சபெல்லாவின் ரத்தம் பச்சை. குளோரோகுரூவாரின் என்ற அந்த நிறமி மெல்லிய கரைசலில் பச்சையாகவும் அடர்ந்தால் சிவப்பாகவும் தெரியும். ஹீமோகுளோபினைப் போலவே இரும்பு கொண்டது. செர்ப்யூலாவில் இரண்டு நிறமிகளும் சேர்ந்தே இருக்கின்றன. ரத்த நிறத்தை வைத்துப் பிரிப்பதும் இப்படித்தான் கைவிடப்பட்டது.

செர்ப்யூலிட் குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றில் கழுத்துப்பட்டைக்குக் கீழே உள்ள சுரப்பிகள் கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கின்றன. பட்டை அதைக் குழாய் விளிம்பில் அச்சு வார்த்து ஒட்டுகிறது. சபெல்லாவிடம் இல்லாத இன்னோர் உறுப்பு இங்கே பெரும்பாலானவற்றுக்கு உண்டு: மூடி. ஓர் இறகு தன் கிளைகளை இழந்து, நுனி தடித்து, வாசலை அடைக்கும் கதவாகிவிட்டது. பவளப் பாறைகளில் இரட்டைக் கூம்பாக வண்ணம் காட்டும் கிறிஸ்துமஸ் மரப் புழுவிலும் அந்த மூடியைப் பார்க்கலாம், மான்கொம்புபோல் கிளைத்த முட்களோடு.

ஹைட்ராய்டிஸ் பேரினத்தில் ஒரு பக்கம் வேலை செய்யும் மூடியும் மறுபக்கம் வளராத மொட்டாக இன்னொரு மூடியும் இருக்கும். சார்லஸ் ஸெலனி 1905-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யும் மூடியை வெட்டினால் மறுபக்கத்து மொட்டு முழு மூடியாக வளர்ந்து பொறுப்பேற்பதையும், வெட்டிய இடத்தில் புதிய மொட்டு தோன்றுவதையும் காட்டினார். இடமும் வலமும் மாறிவிடும். ஆகவே மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து இனம் பிரிக்க முற்படுபவர் ஏமாந்துபோவார். மூடியின் முள் வடிவம் மட்டுமே துணை நிற்கும்.

குழாயின் பொருள் உறவைச் சொல்லுமா? சுண்ணக் குழாய் என்பதை எடுத்துக்கொள்வோம். செர்ப்யூலிட்கள் கட்டுகின்றன. சபெல்லிட் குடும்பத்தில் குளோமெரூலா என்ற ஒரே பேரினமும் கட்டுகிறது. இவற்றுக்குத் தூரத்துச் சிராட்டூலிட் குடும்பத்தில் டோடிகசீரியாவும் கட்டுகிறது. வளைதசைப் புழுக்களுக்குள்ளேயே சுண்ணம் சுரக்கும் கலை தனித்தனியாக மூன்று முறை தோன்றியிருக்கிறது. மணல் குழாயும் அப்படியே. பெக்டினேரியா ஒரே அடுக்கு மணலால், துகளுக்குத் துகள் பொருத்தம் பார்த்து, இருபுறமும் திறந்த கூம்பைக் கட்டி, அதைச் சுமந்துகொண்டு தலைகீழாக மணலுக்குள் வாழ்கிறது. கலிஃபோர்னியக் கரையின் ஃப்ராக்மடோபோமா, துகளைச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறது. கடல்நீருக்குள்ளேயே அரை நிமிடத்தில் இறுகத் தொடங்கும் அந்தப் பசையின் புரதங்களை யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் குழு பிரித்து ஆராய்ந்திருக்கிறது. ஈரம் நிறைந்த உடலுக்குள் எலும்பை ஒட்டும் மருத்துவப் பசை அதன் இலக்கு. அதே குடும்பத்துச் சபெல்லேரியா பிரான்சின் மோன் சேன் மிஷெல் வளைகுடாவில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய புழுப் பாறையைக் கட்டியிருக்கிறது.

கீட்டாப்டெரஸ் கட்டுவது தோல்காகிதம் போன்ற ‘யு’ வடிவக் குழாய். உடலின் நடுவே மூன்று விசிறிகள் நீரைத் தள்ள, இரண்டு சிறகுகளுக்கு இடையே ஒரு சளிப்பை வலையாக விரிந்து உணவை வடிகட்டும். பை நிறைந்ததும் உருண்டையாகச் சுருட்டி வாய்க்கு அனுப்பிவிடும். தொட்டால் நீல ஒளி விடும் இந்தப் புழு, வாழ்நாளெல்லாம் ஒளிபுகாத குழாய்க்குள்ளும் மணலுக்குள்ளும் புதைந்தே இருக்கிறது. அந்த ஒளியின் பயன் பற்றி இன்னும் விவாதம் தீரவில்லை.

போரோனிட் என்ற கூட்டமும் குழாய் கட்டும், தலையில் இறகு விரிக்கும். ஆனால் உடலில் கண்டங்கள் இல்லை, நுண்முட்களும் இல்லை. குடல் ‘யு’ வடிவில் திரும்பி வாய்க்கு அருகிலேயே முடிகிறது. அது தனித் தொகுதி.

இனி மிகப் பெரிய குழப்பத்துக்கு வரலாம். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் 1899–1900-இல் ஆழ்கடல் ஆய்வு நடத்திய கப்பல் சிபோகா. அது கொண்டுவந்த நூல் போன்ற ஒரு விலங்கை மோரீஸ் கோலரி 1914-இல் சிபோகிளைனம் என்று பெயரிட்டு விவரித்தார். வாய் இல்லை, குடல் இல்லை, மலத்துளை இல்லை. எந்தத் தொகுதியில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சிபோகிளைனிடே என்று ஒரு குடும்பப் பெயரை மட்டும் கொடுத்தார். 1933-இல் உஷாகோவ், ஒக்கோட்ஸ்க் கடலில் கிடைத்த லாமெல்லிசபெல்லாவைச் சபெல்லா வகைப் புழுவாகவே கருதினார். அந்தக் கணிப்பு உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. ஆனால் 1937-இல் யோஹான்சன் அதைப் புழுக்களிலிருந்து பிரித்துப் ‘போகோனோஃபோரா’ என்ற வகுப்பை உருவாக்கினார். 1944-இல் பெக்லெமிஷெவ் அதைத் தனித் தொகுதியாக உயர்த்தினார். லெனின்கிராடின் இவானோவ், உடல் மூன்று பகுதிகளாக இருப்பதை வைத்து, அது ஏகோர்ன் புழுக்களுக்கும் முதுகுநாணிகளுக்கும் அருகில் வர வேண்டியது என்று பெரிய நூலே எழுதினார். குடல் இல்லாத உயிருக்கு முதுகு எது, வயிறு எது என்று எப்படிச் சொல்வது? இவானோவ் நரம்புவடம் உள்ள பக்கத்தை முதுகு என்று கொண்டார். வளைதசைப் புழுக்களிலோ நரம்புவடம் வயிற்றுப்புறம் இருக்கும்.

அரை நூற்றாண்டுக் காலம் நடந்த இந்த விவாதத்தில் யாரும் அந்த விலங்கை முழுதாகப் பார்த்திருக்கவில்லை. வால்நுனி சேற்றுக்குள் நங்கூரமாக இறங்கியிருக்கும். வாரிவலை இழுக்கும்போது அது அறுந்து கடலிலேயே தங்கிவிடும். அறிஞர்கள் மேசைக்கு வந்ததெல்லாம் வாலறுந்த உடல்கள். நார்வே ஃபியோர்டுகளில் கிடைத்த, இதே போகோனோஃபோராவைச் சேர்ந்த சிபோகிளைனம் ஃபியோர்டிக்கமின் பின்நுனியை 1964-இல் மைக்கேல் வெப் விவரித்தார். சின்னஞ்சிறு வால்தான், ஆனால் அதில் வரிசையாகக் கண்டங்கள் இருந்தன, ஒவ்வொரு கண்டத்திலும் நுண்முட்கள் இருந்தன. வளைதசைப் புழுவின் முத்திரையே அது. ஒரு தொகுதியின் இருப்பே கேள்விக்குள்ளானது, அறுந்துபோன அந்தத் துண்டால்.

ஆனாலும் விவாதம் அதோடு முடியவில்லை. 1977-இல் ஆல்வின் நீர்மூழ்கி கலாபகஸ் பிளவில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, ஆளுயரக் குழாய்களிலிருந்து செந்நிறக் கொத்துகளை நீட்டிய புழுக்கூட்டமும் கண்ணில் பட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மெரிடித் ஜோன்ஸ் அதை 1981-இல் ரிஃப்டியா பாக்கிப்டிலா என்று விவரித்தார். இதற்கும் வாயில்லை, குடலில்லை. 1980-இல் ஹார்வர்டில் ஜோன்ஸ் நிகழ்த்திய ஓர் உரையில், உடலின் உள்ளே இருந்த பஞ்சுபோன்ற திசுவில் கந்தகப் படிகங்கள் கிடைத்ததைக் குறிப்பிட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆய்வு மாணவி கோலீன் கவனா எழுந்து, அப்படியானால் அந்தத் திசுவுக்குள் கந்தகத்தை எரித்து உணவாக்கும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்றார். 1981-இல் ‘சயன்ஸ்’ இதழில் அதை நிறுவினார். ஒரு கிராம் திசுவில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள்! கொத்தில் ஓடும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று கெடுக்காமல் சுமந்து அவற்றுக்கு ஊட்டுகிறது. நமக்கு நஞ்சான வாயு அதற்குச் சோறு. குஞ்சுப் பருவத்தில் ரிஃப்டியாவுக்கு வாயும் குடலும் உண்டு, பிறகு மறைந்துவிடுகின்றன. பாக்டீரியா உள்ளே நுழைவது வாய் வழியாக அல்ல, தோல் வழியாக என்பது 2006-இல் தெரியவந்தது.

ஜோன்ஸ் 1985-இல் ரிஃப்டியா வகைப் புழுக்களுக்கும் ஒரு தனித் தொகுதியை முன்மொழிந்தார். 1997-இல் இரண்டு பக்கமிருந்தும் தீர்ப்பு வந்தது. கிரெக் ரௌஸும் கிறிஸ்டியன் ஃபாக்கால்டும் உடற்கூற்றுப் பண்புகளை அலசி, போகோனோஃபோராவும் ரிஃப்டியாவும் சபெல்லா வகையோடு சேரும் ஒரே குடும்பம் என்றனர். டாவ்னிட் மக்ஹியூ மரபணு வழியே அவை வளைதசைப் புழுக்களே என்று காட்டினார். தொகுதிப் பெயர்கள் போயின. 1914-இல் கோலரி வைத்த சிபோகிளைனிடே என்ற குடும்பப் பெயரே நிலைத்தது. 2002-இல் மான்டரே விரிகுடாவின் ஆழத்தில் செத்த திமிங்கிலத்தின் எலும்பில் வேர்விட்டு வாழக் கண்டுபிடிக்கப்பட்ட ஒசிடாக்ஸும் இந்தக் குடும்பமே. பெண்புழுவின் குழாய்க்குள் நுண்ணிய ஆண்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றன.

பெரிய கிளைகளின் வரைபடமும் மாறியிருக்கிறது. 1866-இல் கத்ரஃபாஜ் புழுக்களைத் திரிபவை, நிலைத்து வாழ்பவை என்று இரண்டாகப் பிரித்தார். இடையில் அந்தப் பிரிவு செயற்கையானது என்று ஒதுக்கப்பட்டது. 2011-இல் டார்ஸ்டன் ஸ்ட்ரக் குழு நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டபோது அது புதிய எல்லைகளோடு மீண்டும் எழுந்தது. நீரிஸ் ஒரு கிளையில். செர்ப்யூலாவும் மண்புழுவும் அட்டையும் மறுகிளையில். லின்னேயஸ் மூன்றாகச் சிதறடித்தவை ஒரே மரத்துக்கு வந்துவிட்டன. குழாய்வாசிகளோ மரமெங்கும் பரவிக் கிடக்கின்றன. ஓவீனியா மரத்தின் அடியில் பிரிகிறது, கீட்டாப்டெரஸும் இரு பெருங்கிளைகளுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கிளிஞ்சல் துண்டுகளால் குழாயை அலங்கரிக்கும் டயோபாட்ரா, திரிபவற்றின் கிளையில் அமர்ந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவுக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. முத்துச்சிப்பி வளம் பற்றி 1902-இல் ஆராய வந்த ஹெர்ட்மன் சேகரித்த பல்முட்புழுக்களை (நீரிஸ், செர்ப்யூலா போன்ற கடற்புழுக்களை) ஆர்தர் வில்லி 1905-இல் விவரித்தார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுப்பில் கிரேவ்லி இவற்றைப் பட்டியலிட்டார். அதே அருங்காட்சியகச் சேகரிப்பை பிரெஞ்சு அறிஞர் பியேர் ஃபோவெல் 1930-இல் ஆராய்ந்தார். 1953-இல் வந்த அவருடைய ‘இந்திய விலங்குகள்’ தொகுதி இன்றும் நம் ஆய்வகங்களில் புரட்டப்படுகிறது. அரிய உழைப்பு அது. ஆனால் ஒரே இனம் உலகக் கடல்கள் எங்கும் இருக்கலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அதில் ஊறியிருப்பதால், மத்தியதரைக் கடல் புழுவின் பெயர் நம் கடல் புழுவின் மேல் ஏறிவிட்டது. பாட் ஹட்சிங்ஸும் எலேனா குப்ரியனோவாவும் 2018-இல் இந்த ‘உலகப் பொது இனங்கள்’ பற்றி எழுதிய கட்டுரை, அப்படிப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது.

இது பெயர்ப் பட்டியல் விவகாரம் மட்டுமல்ல. கப்பலின் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு எரிபொருளைத் தின்னவைக்கும் வெள்ளைக் குழாய்களை இந்தியத் துறைமுகங்களின் பழைய ஆய்வுகள் ஹைட்ராய்டிஸ் நார்வெஜிகா என்றே எழுதின. 1971-இல் ஸிப்ரோவியஸ், வெப்பத் துறைமுகங்களில் வாழ்வது அந்தக் குளிர்கடல் இனமல்ல, ஹாஸ்வெல் 1883-இல் சிட்னியில் விவரித்த ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ் என்று பிரித்துக் காட்டினார். இந்த இனத்தின் லார்வா எந்தப் பாக்டீரியாப் படலத்தைத் தொட்டால் இறங்கிக் குழாய் கட்டத் தொடங்குகிறது என்பதும் இன்று தெரியும். கப்பல் பூச்சு தயாரிப்பவர் சோதிக்க வேண்டிய இனம் எது என்பது சரியான பெயரிலிருந்தே தொடங்குகிறது.

நம் கல்லூரி மாணவர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. குருசடை உள்ளிட்ட தீவுகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருவதால் அங்கே அனுமதி வேண்டும். மீன்பிடித் துறைமுகச் சுவர், பழைய கயிறு, கரைக்கு வந்த சிப்பி ஆகியவற்றிலேயே வேண்டிய அளவு குழாய்ப்புழுக்கள் கிடைக்கும். உயிரோடு இருக்கும்போதே இறகுக் கொத்தைப் படம் எடுத்துவிட வேண்டும், சாராயத்தில் நிறம் வெளுத்துவிடும். பிறகு மக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிட வேண்டும், இல்லாவிட்டால் பல இனங்கள் அதிர்ச்சியில் கொத்தையே உதிர்த்துவிடும். குழாயை அடியிலிருந்து பிளந்து வால்நுனி அறாமல் எடுக்க வேண்டும். ஒரு சிறு துண்டை மரபணுவுக்காக எத்தனாலிலும், மீதி உடலை ஃபார்மலினிலும் இட்டு, இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, குழாயின் ஒரு துண்டையும் அதே எண்ணோடு வைத்தால், ஃபோவெல் பெயரிட்ட புழுக்களை அவர் பார்த்த சேகரிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு தொடக்கம் கிடைக்கும்.